1 மில்லிமீட்டர் யாருக்கு வேணும்?

மலிவான அல்ட்ராசோனிக் சென்சாரை வைத்து ஆற்று நீர்மட்டம் அளப்பதைப் பற்றிய கட்டுரைகளில் 'துல்லியம் 1 மி.மீ.' என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. எனக்கு ஒப்பாத வரி அதுதான். 1 மி.மீ. என்பது சென்சார் எவ்வளவு நுணுக்கமாக எண்ணைக் காட்டுகிறது என்பது மட்டுமே. காட்டுகிற எண் சரிதானா என்பது வேறு கேள்வி.

பாலத்தில் மாட்டிய கருவி கீழ்நோக்கி ஒலித்துடிப்பை அனுப்பும்; எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். சிக்கல் என்னன்னா, ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், 30 டிகிரியில் 349. வெயிலில் பெட்டி காய்ந்து, உள்ளே இருக்கும் வெப்பமானி வெளிக்காற்றைவிட 10 டிகிரி கூட்டிச் சொன்னால், 5 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ. பிழை வரும். வரைபடத்தில் ஆறு தினமும் மதியம் இறங்கி ராத்திரி ஏறும். நிஜத்தில் ஆறு சும்மாதான் கிடக்கும்!

அமெரிக்காவின் நோவா நிறுவனம் தன் கடல்மட்ட நிலையங்களில் பல வருஷம் ஒலியைத்தான் நம்பியது. அதுவும் குழாய்க்குள் ஒலியை அனுப்பி, கூடவே வெப்பமானிகளையும் வைத்து. அப்படியும் வெப்ப வேறுபாட்டின் தொல்லை விடவில்லை. பிறகு மைக்ரோவேவ் ரேடாருக்கு மாறத் தொடங்கினார்கள்.

அப்போ மலிவுக் கருவி வேண்டாமா? வேண்டும். வெப்பத்தால் வரும் பிழை தூரத்தோடு சேர்ந்து வளர்வது. வெள்ளம் ஏற ஏறத் தூரம் குறையும். 5 மீட்டரில் 9 செ.மீ. ஆக இருந்த பிழை 1 மீட்டரில் 2 செ.மீ.க்கும் கீழே. மழை நாளில் பெட்டியும் அவ்வளவாகக் காயாது. 2008 ஜூனில் ஐயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் ஆறு 31.12 அடிக்கு ஏறியது. அதுவரை இருந்த உச்சம் சுமார் 20 அடி. அடுத்த வருஷம் உருவான ஐயோவா வெள்ள மையம், சூரிய ஒளியில் ஓடும் இத்தகைய சென்சார்களை 200-க்கும் மேற்பட்ட பாலங்களில் மாட்டியது. மணல் மூட்டை அடுக்கணுமா என்று யோசிப்பவருக்கு அரை அடிக்குள் சரியாக இருந்தாலே பெரிய உதவி.

என் கவலை வேறு இடத்தில். பரவலாக விற்கும் சில மாடல்கள் 30 செ.மீ.க்குள் நெருங்கும் எதையும் 30 என்றே சொல்லும். தண்ணீர் பாலத்தை எட்டும் நேரத்தில் வரைபடம் நேர்கோடாகிவிடும். வீட்டில் போனைப் பார்ப்பவர் 'நின்னுடுச்சு' என்று நினைப்பார். புயல் கடலைத் தள்ளி ஏற்றும்போது, தாழ்வான படகுத்துறையில் மாட்டிய சென்சாருக்கும் இதே கதைதான். தீர்வுக்குப் பெரிய செலவும் இல்லை: உயரமாக மாட்டலாம், 30 என்று வந்தால் கோட்டை வரையாமல் 'அளவு எல்லை தாண்டியது' என்று போடலாம்.

ஆனால் விலைப் பட்டியலை வரி வரியாகத் தரும் கட்டுரைகள்கூட, கருவி தரைமட்டக் குறியிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அது தெரியாவிட்டால் அந்த 1 மி.மீ.யை எதிலிருந்து எண்ணுவது?