மாடி கட்ட முடியாத வீடு

டூம் விளையாட்டுக்கு மேப் செய்யக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் தங்கள் சொந்த வீட்டைத்தான் செய்வார்கள். முப்பது வருஷமா இதுதான் வழக்கம். அதனாலேயே 'என் வீட்டு மேப்' என்றால் அனுபவசாலிகள் சிரிப்பார்கள். நம்ம பக்கம் முதல் கவிதையை நிலாவைப் பற்றி எழுதுவது மாதிரி.

2023 மார்ச்சில் வெட்ஜ் என்ற பெயரில் ஒருவர் 'மைஹவுஸ்' என்று ஒரு மேப் வெளியிட்டார். இறந்துபோன நண்பனின் பழைய பிளாப்பியில் கிடைத்த வீட்டு மேப், கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்றார். அந்த அறிவிப்பும் கதையின் ஒரு பகுதி என்பது பிறகுதான் புரிந்தது.

ஜொகூரில் என் வயசுக்காரர்களுக்கு மோடிங் தெரியாமலே தெரியும். பள்ளி முடிந்து சைபர் கஃபேயில் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடினோமே, அது 1999-இல் மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் 'ஹாஃப்-லைஃப்' மேல் கட்டிய மோட். இந்தப் பழக்கத்துக்கு அகலமான கதவைத் திறந்துவிட்டது டூம். 1993 டிசம்பரில் அது வெளிவந்தபோது, விளையாட்டை இயக்கும் எஞ்சின் தனி, மேப்பும் படமும் சத்தமும் அடங்கிய 'வேட்' கோப்பு தனி. கோப்பை மாற்றினால் போதும், வேறு உலகம். 1997-இல் எஞ்சினின் மூலநிரலையும் வெளியிட்டார்கள். இன்றைக்கு ஆரம்பிக்க ஒரு காசு வேண்டாம். ஜிஸிடூம், இலவசப் படங்களும் சத்தங்களும் கொண்ட ஃப்ரீடூம், வரைவதற்கு அல்டிமேட் டூம் பில்டர், இந்த மூன்றும் போதும். கோடுகள் போட்டு ஒரு வடிவத்தை மூடினால் அது 'செக்டர்'. தரை உயரம், கூரை உயரம் என்று இரண்டு எண் கொடுத்தால் அறை தயார்.

சிக்கலும் அங்கேதான். அசல் எஞ்சினில் ஒரு செக்டருக்கு ஒரே தரை, ஒரே கூரை. அறைக்கு மேல் அறை வராது. மாடி வீடு கட்டவே முடியாது.

மைஹவுஸ் இந்தக் குறையிலிருந்து பிறந்த படைப்பு என்பது என் வாசிப்பு. அதில் வருவது மாடி வீடு. டூம் பழகியவன் படியேறி மேலே போனதுமே, 'இது எப்படி முடியும்?' என்று நிற்பான். கதவைத் தாண்டும்போதும் படியேறும்போதும் நமக்குத் தெரியாமல் வீட்டின் வேறொரு பிரதிக்குள் நம்மை நகர்த்திவிடுகிறார்கள். பின்னணியில் டூம் 2-இன் முதல் மேப் இசை மெதுவாகச் சிதைகிறது. ஒரே வீடு என்று நாம் நம்பியது பல வீடுகளின் ஒட்டுவேலை. ஞாபகமும் அப்படித்தானே வேலை செய்யுது? மார்க் டேனியலெவ்ஸ்கியின் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' (2000) நாவலில் வீட்டின் உள்ளளவு வெளியளவைவிடப் பெரிதாக இருக்கும். அந்த நாவலின் சாயல் இதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் நாவல் சொல்லித்தான் புரியவைக்க முடிந்ததை இங்கே நம் கால்கள் கண்டுபிடிக்கின்றன.

குறையும் சொல்லணும். பெட்ரோல் நிலையம், விமான நிலையம் என்று மேப் விரிய விரிய, இணையத் திகில் கதைகளின் வாடகைப் பொருட்கள் உள்ளே வந்துவிடுகின்றன. கூடவே தரப்படும் நாட்குறிப்பு விளக்கத் தேவையில்லாததையும் விளக்குகிறது. முதல் அரை மணி நேரம், வெறும் வீடாக இருக்கும்போது வந்த பயமும் துக்கமும் எனக்குப் பிறகு வரவில்லை.

அதை ஆடி முடித்த வாரம் நானும் ஆரம்பித்தேன். கூலாய் பக்கம் எங்க பாட்டி இருந்த தோட்டத்து லயன் வீடு. இப்போ அங்கே லயமும் இல்லை, செம்பனையும் இல்லை, தாமான் வந்துவிட்டது. மாடி இல்லாத வீடு, டூமுக்கு அளவெடுத்த மாதிரி. முன்னறை, படுக்கையறை, அடுப்படி மூன்றும் ஒரே ராத்திரியில் வந்துவிட்டன. வாசற்படியில்தான் மாட்டிக்கொண்டேன். டூமில் ஆட்டக்காரன் 24 அலகு உயரம் வரைதான் ஏறுவான். அதற்கு மேலே போனால் அது அவனுக்குச் சுவர். அந்தப் படி எவ்வளவு உயரம்? போட்டோ எதிலும் படி இல்லை. அம்மாவைக் கேட்டேன்.

"யாருடா அதெல்லாம் அளந்து பார்த்தா? நீ தவழ்ந்து ஏறுவே. பாட்டி கடைசி காலத்துல ரெண்டு கையையும் ஊணித்தான் ஏறுவாங்க."

எஞ்சினியருக்கு இது பதில் இல்லை. ஆனால் நான் செய்ய நினைத்த மேப்புக்கு இதைவிடச் சரியான அளவு கிடைக்காது. ஒரே படி, அதில் ஏறிய ரெண்டு பேருக்கும் வேறு வேறு உயரம். மைஹவுஸ் ஏன் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறது என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

தம்பியிடம் ஆடிப் பார்க்கக் கொடுத்தேன். "சுடறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றான். உண்மைதான், அதில் பேய் பிசாசு எதுவும் வைக்கவில்லை. படியை 24-இல் வைத்திருக்கிறேன். ஒரு அலகு கூட்டினாலும் வீட்டுக்குள்ளே போக முடியாது.