விண்வெளி மின்சாரமும் ஜொகூரின் நிலமும்

கூலாய், செடெனாக் பக்கம் எழும்பிவரும் தரவு மையங்களுக்கு இரவும் பகலும் ஒரே அளவில் மின்சாரம் வேண்டும். பொந்தியான் மாவட்டத் தஞ்சோங் பின்னில் 3,100 மெகாவாட் திறன் கொண்ட மின்நிலையங்களில் நிலக்கரி எரிகிறது; 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக மலேசியா சொல்லியிருக்கிறது. விண்ணில் வெயிலை மின்சாரமாக்கி, நுண்ணலையாகக் கீழே அனுப்பும் திட்டம் அந்த இடத்தை நிரப்புமா?

1968இல் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் முன்வைத்த யோசனை இது. 2010இல் அப்துல் கலாம் அமெரிக்கத் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இதற்காகக் குரல்கொடுத்தார். அவர் கண்ட சாதகம் மெய்யானது. விண்ணில் சதுர மீட்டருக்கு 1,361 வாட் வெயில். மேகம் இல்லை, இரவும் அநேகமாக இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை நம் பருவமழையை அதிக இழப்பின்றிக் கடந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூருக்கு ஏறத்தாழ நேர் உச்சியிலேயே செயற்கைக்கோளை நிறுத்தலாம்.

தூரம்தான் இடிக்கிறது. அந்தச் செயற்கைக்கோளிலிருந்து 36,000 கிலோமீட்டர் கடக்கும் அலைக்கற்றை விரிந்தே தீரும். விண்ணில் ஒரு கிலோமீட்டர் அகல அலைபரப்பியை வைத்தாலும், தரையில் அது சுமார் பத்து கிலோமீட்டருக்குப் பரவும். எந்தப் பொறியாளராலும் இந்த விதியை வளைக்க முடியாது. 1970களின் இறுதியில் நாசா வகுத்த மாதிரித் திட்டம் அலையை வாங்கி மின்சாரமாக்கும் இத்தகைய ஏற்புத்திடலிலிருந்து 5 கிகாவாட் எதிர்பார்த்தது. அந்த அளவை ஜொகூருக்குப் பொருத்தினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 வாட். இங்குள்ள சாதாரணச் சூரியத் தகடே, இரவையும் மேகத்தையும் சேர்த்த சராசரியில், 35 முதல் 40 வாட் தரும். தகடுகளின் இடைவெளியைக் கணக்கில் கொண்டாலும் நில லாபம் இரண்டு மூன்று மடங்குதான். சுற்றிலும் பாதுகாப்பு வளையம் விட்டால் அதுவும் தேயும். பத்து கிலோமீட்டர் அகலத் திடலுக்கு வேண்டிய ஏறத்தாழ எண்பது சதுர கிலோமீட்டர் எங்கிருந்து வரும்? செம்பனைத் தோட்டங்களிலிருந்துதான். தோட்டம் கைமாறும்போதெல்லாம் வீட்டை இழந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே என்பது நமக்குத் தெரியும்.

சோதனைச் சான்றும் மெலிந்தது. 1975இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் அலைவழி அனுப்பி 30 கிலோவாட்டுக்கு மேல் பெற்றார்கள். தூரம் ஒன்றரை கிலோமீட்டர். 2023இல் கால்டெக் கருவி விண்ணில் ஓரடி தூரத்தில் சிறு விளக்கை எரித்தது. பூமியை எட்டியது கண்டறியத்தக்க சமிக்ஞை மட்டுமே. 2024 நாசா மதிப்பீட்டில் செலவு, தரையில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைவிட 12 முதல் 80 மடங்கு. ஏவுசெலவு முதலியவை பெரிதும் குறைந்தால் போட்டியிடலாம் என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. ஆனால் இரவுக்காக மின்கலம் சேர்ப்பதால் சூரிய மின்சாரத்தின் விலை பன்னிரண்டு மடங்கு ஏறிவிடாது.

ஆகவே ஜொகூர் இதற்கு ஓர் ஏக்கரும் ஒதுக்கக் கூடாது. தகட்டிலும் மின்கலத்திலும் முதலிட வேண்டும். கம்பியில்லா மின்சாரத்துக்குத் தகுந்த இடம் நிலவின் இருண்ட பள்ளங்கள். அங்கே எரிபொருளும் இல்லை, கம்பி இழுக்க வழியும் எளிதில்லை, வெயில்படும் விளிம்பிலிருந்து அலை கடக்கவேண்டியது சில கிலோமீட்டர்தான். ஆய்வுப் பணத்தை அங்கே செலவிடுவதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.