கோயிலில் ஒரு பேரு, கார்டில் ஒரு பேரு

திருச்சபைகளுக்கு வரப்போகும் சவால்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், ஜாதிச் சான்றிதழ் அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் இருக்காது. இளைஞர்கள் செல்போனில் மூழ்கிட்டாங்க, புதுச் சபைகள் ஆட்களை இழுத்துக்கிட்டுப் போறாங்க, மதமாற்றத் தடைச் சட்டம் வருது... இதெல்லாம் இருக்கும். பொய்யில்லை. ஆனால் நடுவட்டத்தில் ஒரு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்தால் வேறு ஊர்க்கதை மாதிரி இருக்கிறது.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில், பைக்காராவைத் தாண்டி இருக்கிறது நடுவட்டம். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் சிங்கோனா தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளை இங்கே வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே தங்கிவிட்டதை எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். (அது தனிக்கட்டுரைக்கான விஷயம்.) பிறகு வந்தவர்கள் சிலோன்காரங்க. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் ஆரம்பித்த அரசுத் தேயிலைத் திட்டம்தான் 1976-இல் டான்டீ ஆனது. வந்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள், அதில் ஒரு பங்கு கிறிஸ்தவர்கள்.

அங்கே ஒரு அக்கா சொன்னார்: "கோயில்ல எனக்கு ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. பாப்பாவுக்குக் காலேஜ் சீட்டு வேணும்ல சார்." மகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் பயம் நியாயமானது. பட்டியல் சாதிகளுக்கான 1950 ஆணை இந்துக்களுக்கு மட்டுமாக இருந்தது. 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் எடுத்த தலித், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இதை மாற்றக் கோரி 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் செல்வராணியின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்துக்கு எதிரான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் அவருடைய ஞானஸ்நானப் பதிவும் ஒரு சான்று. சபைப் பதிவேடு இப்போது வெறும் சபைப் பதிவேடு இல்லை.

தீர்ப்போடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய சண்டை, "விசுவாசத்தை வெளிப்படையா அறிக்கையிடுங்க" என்று இந்த அக்காவுக்குப் பிரசங்கம் பண்ணுகிறவர்களோடுதான். அறிக்கையிட்டால் அவர்களுக்கு எதுவும் குறையாது. சபை நடத்தும் கல்லூரியிலேயே இந்தப் பாப்பாவுக்கு ஒரு சீட்டும் முழு ஃபீஸும் உறுதி என்று எழுதிக் கொடுக்க எத்தனை பேர் தயார்?

வழக்குக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. மதம் மாறினாலும் சாதி போகவில்லை என்பதுதான் தலித் கிறிஸ்தவர் தரப்பின் வாதமே. அதை நிரூபிக்கச் சபை தன் கல்லறைத் தோட்டத்தையும் கல்யாணப் பதிவையும்தான் காட்டவேண்டும். கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கையில் உள்ளே பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. பங்கு அளவில் அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

பாப்பா கொயரில் பாடுகிறாள், நல்ல குரல். இந்த வருஷம் ப்ளஸ் டூ. போதகருக்கு எல்லாம் தெரியும். ஞானஸ்நானம் பற்றி அவர் கேட்பதில்லை.