வட்டத்தில் விடுபட்ட பகுதி

முட்டை, இளம்பூச்சி, முதிர்பூச்சி, மீண்டும் முட்டை. அம்புக்குறிகளால் இணைக்கப்பட்ட இந்த வாழ்க்கை வட்டப் படத்தை அறியாத மாணவர் இல்லை. பாட நூல்களிலும், வேளாண் துண்டுப் பிரசுரங்களிலும் இதனைக் காணலாம். எளிய படம், மனத்தில் பதியும் படம். அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் முதிர்பூச்சியிலிருந்து முட்டைக்குச் செல்லும் கடைசி அம்புக்குறி எதையும் விளக்குவதில்லை. மயிலாடுதுறைப் பகுதியில் நெல் பயிரிடும் விவசாயிக்கு மிகவும் வேண்டிய செய்தியோ அங்கேதான் இருக்கிறது.

முட்டைக்குள் வளரும் கருவுக்கு வெளியிலிருந்து உணவு கிடைக்காது. பொரிக்கும் வரை வேண்டியதைத் தாய்ப்பூச்சி முன்கூட்டியே கருவுணவாகச் சேர்த்து வைக்கிறது. இதற்கான புரதம் பெரும்பாலும் சூலகத்தில் உண்டாவதன்று. வயிற்றிலுள்ள கொழுப்புத் திசுவில் உற்பத்தியாகி, இரத்தத்தில் கலந்து, வளரும் முட்டையினுள் புகுகிறது. 1969-இல் பான், பெல், டெல்ஃபர் ஆகிய மூவரும் இப்புரதத்துக்கு வைட்டலோஜெனின் என்று பெயரிட்டனர். இவ்வேலையைத் தூண்டுவது எது? மூளைக்குப் பின்னாலுள்ள சிறு சுரப்பியின் ஹார்மோன் இல்லையேல் கருவுணவு சேர்வதில்லை என்பதை, ரோட்னியஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் பூச்சியில் விகில்ஸ்வொர்த் 1936-இலேயே காட்டினார். இளம்பூச்சியை முதிராமல் தடுக்கும் அதே 'இளமை ஹார்மோன்'தான் இது!

இனி நம் வயலுக்கு வருவோம். நெற்பயிரின் தூரில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் புகையான், இலையுறைக்குள் முட்டையிடுகிறது. சில மருந்துகளைத் தெளித்த பிறகு புகையான் குறையாமல் பெருகுவது ஏன்? சிலந்தி போன்ற இயற்கை எதிரிகள் மடிவது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமன்று. பிலிப்பைன்ஸ் நாட்டு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செல்லையா, ஹைன்ரிக்ஸ் இருவரும் செய்து 1980-இல் வெளியிட்ட ஆய்வில், டெல்டாமெத்ரின், மீதைல் பாரதியான் போன்றவை புகையானின் இனப்பெருக்கத்தையே தூண்டுவது தெரிந்தது. 2010-இல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்று, டிரையசோபாஸ், டெல்டாமெத்ரின் பட்ட புகையானில் வைட்டலோஜெனின் மரபணுவின் செயல் மிகுவதையும், இளமை ஹார்மோனைச் சிதைக்கும் நொதியின் மரபணு அடங்குவதையும் காட்டியது. அதாவது, பிழைத்த பூச்சியின் உடலில் முட்டைத் தொழிற்சாலைக்கு நாமே எரிபொருள் ஊற்றுகிறோம்.

வாழ்க்கை வட்டத்தை மட்டும் கற்றவருக்கு இது விளங்காது. அவர் பார்வையில் மருந்து என்பது கொல்லும், அல்லது கொல்லாது. மூன்றாவது விளைவுக்கு அப்படத்தில் இடமே இல்லை. ஆகவே, 'மருந்து பலிக்கவில்லை. இன்னும் ஒரு முறை அடிப்போம்' என்ற முடிவுக்கு அவர் வருவதில் வியப்பென்ன?

கடைசி அம்புக்குறியின் மேல் கொழுப்புத் திசு, இரத்தம், சூலகம் என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் போதும். பெண் வெட்டுக்கிளி ஒன்றின் வயிற்றைத் திறந்து, மஞ்சள் நிற முட்டைகள் நிறைந்த சூலகத்தை ஆசிரியர் காட்டினால் இன்னும் நன்று. மருந்து தெளிக்கும் முன் தூரை விலக்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையின் பொருள், அவ்வாறு கற்ற மாணவனுக்குத் தானே விளங்கும்.