கவனிக்கப்படாத பெண்ணும் உல்லாசச் செல்வனும்: இரு ஆங்கிலப் புதினங்கள்

இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றமையால் இளவரசர் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த 1811 முதல் 1820 வரையிலான காலம் ‘ரீஜென்சி’ எனப்படும். இக்காலத்தைக் களமாகக் கொண்ட காதல் புதினங்களில், எவரும் பொருட்படுத்தாத பெண்ணை ஒழுக்கக் கேட்டிற்குப் பேர்போன செல்வன் விரும்புவது பெருவழக்கு. அவன் திருந்துவானா என்பதே இவற்றின் மைய வினாவாகக் கருதப்படுகிறது. எனினும், ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்பீல்டு பார்க்’ (1814), ஜார்ஜெட் ஹேயரின் ‘வெனீஷியா’ (1958) ஆகியவற்றை ஒப்புநோக்கின், அவன் செய்த தவற்றின் விலையை யார் கொடுப்பது என்னும் வினாவே மேலோங்குகிறது.

பெரியம்மாவின் கணவர் வீட்டில் அண்டி வளரும் ஃபேனி பிரைஸை எவரும் கவனிப்பதில்லை. அதனாலேயே அவள் அனைவரையும் கவனிக்கிறாள். ஹென்றி கிராஃபோர்டு அவ்வீட்டுப் பெண்கள் இருவரிடமும் காதல் விளையாட்டு ஆடியதை அறிந்தவளாதலின், அவன் மணம்பேச வரும்போது மறுக்கிறாள். நன்றிகெட்டவள் என்னும் பழியையும் ஏற்கிறாள். பின்னர் அவன், மணமாகிவிட்ட மரியாவுடன் ஓடிப்போகிறான். மரியா குடும்பத்தின் பார்வையிலிருந்தே அகற்றப்படுகிறாள். அவனுக்கு அத்தகைய தண்டனை இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஆஸ்டின் வெளிப்படையாகவே சுட்டுகிறார்.

யார்க்‌ஷயரில் ஒதுங்கி வாழும் வெனீஷியா பேரழகி. ஆயினும் வெளியுலகம் அவளைக் கண்டதில்லை. டேமரல் பிரபுவின் பழங்கதைகளை அறிந்தே அவள் அவனுடன் நகைத்துப் பேசுகிறாள். தன்னை மணந்தால் அவள் பெயர் கெடும் என அவன் விலகுகிறான். இறந்துவிட்டதாக அவள் நம்பியிருந்த தாய், உண்மையில் கணவனை நீங்கி வேறொருவருடன் சென்றவள் எனத் தெரியவருகிறது. குடும்பம் மறைத்த அக்களங்கத்தையே வெனீஷியா தன் வாதமாக்கி, அவன் மறுப்பை வலுவிழக்கச் செய்கிறாள். மரியாவின் வாழ்வை அழித்த அதே பழி, இங்கு நகைச்சுவையின் கருவியாகிறது.

இம்மாற்றத்தில் ஆசிரியர்களின் காலவேறுபாட்டிற்கும் பங்குண்டு. மணமான பெண்ணின் சொத்துரிமையை இங்கிலாந்துச் சட்டம் 1870, 1882 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாகவே ஏற்றது. கணவனின் பிறன்மனை நாட்டத்தை மட்டுமே காரணங்காட்டி மனைவி மணமுறிவு பெறும் உரிமை 1923-இல்தான் கிட்டியது. ஆஸ்டினின் நாயகிக்குத் தவறான மணம் மீளாச் சிறை. ஹேயரோ அச்சிறையின் கதவு திறந்தபின் எழுதுகிறார். எனவே, பிற்காலப் புதினத்தின் இலகுவான சிரிப்பை மேலோட்டமான பொழுதுபோக்கு என ஒதுக்குதல் பொருந்தாது. பெண்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பின்மீதே அச்சிரிப்பு நிலைகொண்டுள்ளது எனலாம்.