பேனாவின் தன்கதையும் பிள்ளையின் தன்கதையும்

பேராக் மாநிலத்துக் கமுந்திங்கில் வாழும் அன்பர் ஒருவர், தாம் முன்னின்று நடத்திய சிறு கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு வந்த தாள்களைக் கட்டி, இவற்றுள் எவை பரிசுக்குரியன என்று கூறுமாறு நமக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளிற் பயிலும் பிள்ளைகள் எழுதியவை. தலைப்பைப் பிள்ளைகளே தெரிந்துகொள்ளலாம் என்பது போட்டியின் விதி. வந்த தாள்கள் நாற்பதுக்குச் சற்று மேல். அவற்றுள் முப்பதுக்குக் குறையாதவை ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு காலணி’, ‘நான் ஒரு பள்ளிப் பை’ என்றே தொடங்கின. எதைப் பற்றி வேண்டுமாயினும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகும் பிள்ளைகள் பேனாவையே நாடிச் சென்றது ஏன்? பரிசு எவருக்கு என்பதைக் காட்டிலும் இக்கேள்வி நமக்குப் பெரிதாய்ப் பட்டது.

மலேசியாவுக்கு வெளியேயுள்ள வாசகர்களின் பொருட்டு ஒன்று கூறவேண்டும். அந்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் கட்டுரையை வகைவகையாகப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம். கருத்து விளக்கக் கட்டுரை, கற்பனைக் கட்டுரை, அனுபவக் கட்டுரை என்பவற்றோடு ‘தன்கதை’ என்று ஒரு வகை உண்டு. உயிரற்ற பொருளொன்று தன் வரலாற்றைத் தானே கூறுவதாக எழுதவேண்டும். அதன் போக்கு ஏறக்குறைய நாடெங்கும் ஒன்றே. பேனா ஒரு தொழிற்சாலையிற் பிறக்கும். தன் நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிப் பெருமை கொள்ளும். உடன்பிறந்தாரோடு பெட்டியில் அடைபட்டு, லாரியேறிக் கடைக்குப் போகும். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் காத்திருக்கும். ஒரு மாணவன் வந்து விலைகொடுத்து வாங்குவான். சிலகாலம் அவனுக்கு உழைக்கும். பின்னர் முனை முறிந்தோ மை தீர்ந்தோ குப்பைத் தொட்டியில் வீசப்பெற்று, அங்கிருந்துகொண்டு தன் கதையைச் சொல்லிக் கண்ணீர் வடிக்கும். தமிழ்ப்பள்ளியிற் படித்த எவரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பர்.

இப்பயிற்சி பிறவியிலேயே தீயதன்று. பிறிதொன்றன் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்ப்பது கற்பனையின் முதற்படியே. முதன்முதலில் ஒரு பேனாவைப் பேசவைத்த உபாத்தியாயர் எவரோ, அவர் நல்ல கலைஞராகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒருவர் கண்ட கனவை ஆயிரம்பேர் நெட்டுருப்பண்ணினால் அது கனவாக நில்லாது. நம் கையிலுள்ள முப்பது தாள்களிலும் பேனா ஒரே குரலில் அழுகிறது. போதாக்குறைக்குப் பாடத்திட்டத்தில் வகுப்புவாரியாக வைக்கப்பட்டிருக்கும் மரபுத்தொடரும் உவமைத்தொடரும் இரட்டைக்கிளவியும் அதன் கழுத்தில் மாலைமாலையாக விழுந்திருக்கின்றன. ஒரு காலணி ‘குன்றின் மேலிட்ட விளக்குப் போல’ வாழ்ந்ததாம். இன்னொரு தாளில் பள்ளிப் பையொன்று ‘நகமும் சதையும் போல’ ஓர் எழுதுகோலுடன் பழகிற்றாம். பைக்கு ஏது நகம் என்று கேட்கும் குறும்பு அப்பிள்ளைக்கே தோன்றியிருக்க வேண்டும், தோன்றாதபடி பழக்கிவிட்டோம்.

நிற்க. இத்தாள்கள் கமுந்திங்கிலிருந்து வந்தவை என்பதை நாம் மறக்கக் கூடவில்லை. கமுந்திங் தைப்பிங்கை அடுத்த ஊர். லாருட் வெள்ளீய வயல்களில் தைப்பிங்குக்குக் கிளியான் பாவ் என்றும், கமுந்திங்குக்குக் கிளியான் பாரு என்றும் பழம்பெயர். அவ்வீயத்திற்காகவே 1861 முதல் 1874 வரை சீனச் சுரங்கக் கூட்டத்தார் தம்முள் போரிட்டனர். அவ்வீயத்தைத் துறைமுகத்திற்கு ஏற்றிச்செல்லவே 1885இல் மலேயாவின் முதல் இரயில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடிற்று. ஈயத்தின் பின் ரப்பர் வந்தது. ரப்பரின் பின் தொழிற்பேட்டை வந்தது. இன்று கமுந்திங் ராயாவின் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் தாய்மார் பலர். இப்பிள்ளைகளின் வீடுகளிலும் அத்தகையோர் இருப்பர். அப்படியிருக்க, ‘நான் ஒரு தொழிற்சாலையிற் பிறந்தேன்’ என்று முப்பது பிள்ளைகள் எழுதுகின்றனர். அத்தொழிற்சாலைக்குள் ஒருவரும் நுழையவில்லை! அங்கே எந்திரம் எப்படிச் சத்தமிடும், எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், பிளாஸ்டிக் உருகும்போது என்ன நாற்றம் வரும் என்று ஒரு வரியும் இல்லை. அம்மாவைக் கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தொழிற்சாலை என்பது அவர்களுக்கு மாதிரிக் கட்டுரையின் முதல் வரி. அம்மா போய்வரும் இடமன்று.

இன்னொன்றும் நமக்குப் பட்டது. மிகையென்று சிலர் கூறக்கூடும். ஓரிடத்திற் பிறந்து, பலரோடு அடைபட்டு ஏற்றப்பெற்று, எண்ணி வரிசையாக வைக்கப்பெற்று, விலைபோய், உழைத்துத் தேய்ந்து, ஒருநாள் வெளியே எறியப்படும் கதை பேனாவுக்கு மட்டுமா உரியது? நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னே நடந்து, லயத்தில் குடியமர்ந்து, விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, மங்கு துடைத்து, ஒட்டுப்பால் உரித்து, தோட்டம் துண்டுபட்டு விலைபோனபோது மூட்டை முடிச்சோடு வெளியேறியவர்களின் கதை அதுவேயன்றோ? இப்பிள்ளைகளுள் பலருக்குக் கொள்ளுப்பாட்டன் கதை அது. அதைப் பேனாவின் பெயரால் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். தம் வீட்டின் பெயரால் எழுத அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பேராக் தோட்டப்புறத்தில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமி அவர்கள் தம் முதிய பருவத்தில் ‘நாடு விட்டு நாடு’ என்று தம் குடும்பத்தின் கதையை நூலாக்கினார்கள். அத்தகைய நூல் ஒன்றை எழுத முதுமை வரையிற் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

அக்கட்டில் நாம் இரண்டு தாள்களைத் தனியே எடுத்து வைத்தோம்.

ஒன்று ஒரு சிறுவன் எழுதியது. அவன் வீட்டுக்கு அப்பால் பழைய ஈய லம்பக் குட்டை ஒன்று இருக்கிறது. எந்தக் கோடையிலும் அது வற்றுவதில்லை. ஏன் வற்றுவதில்லை என்று தந்தையைக் கேட்டான், கடைக்காரரைக் கேட்டான், பெரியவர் ஒருவரைக் கேட்டான். மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றையும் எழுதிவிட்டு, மூன்றிலும் தனக்கு நம்பிக்கையில்லை என்று முடித்திருந்தான். முடிவுரை இல்லை. நீதி இல்லை. பழமொழியும் இல்லை.

மற்றொன்று ஒரு சிறுமி எழுதியது. அவள் தாய்க்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. தாய் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கும் நேரமும் மகள் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் ஒன்றே. வாயிற்கதவருகே இருவரும் சந்திப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் தாயின் கையை முகர்ந்து பார்த்தே அன்றிரவு எந்தப் பகுதியில் வேலை பார்த்தாள் என்று சொல்லிவிடுவாளாம் மகள். எழுத்துப்பிழை ஏராளம். லகர ளகரம் இடம் மாறிக் கிடக்கிறது. போட்டிக்கு வருமுன் இத்தாளை எவரோ பார்த்துச் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார். கையை முகரும் வாக்கியத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘கற்பனை வளம் போதாது’ என்று குறித்துமிருக்கிறார். நாம் அத்தாளுக்கே முதற்பரிசு என்று எழுதியனுப்பினோம். அன்பர் சற்று வருந்தினார். இலக்கணம் தெரியாத எழுத்துக்குப் பரிசு கொடுத்தால் ஒழுங்காக எழுதிய பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் லகர ளகரத்தை ஒரு மாதத்திற் கற்பித்துவிடலாம். அந்த வாக்கியத்தைக் கற்பிக்க எவராலும் ஆகாது.

இவ்வுண்மையைக் கண்டு திடுக்கிட்டவர் டால்ஸ்டாய். அவர் தம் ஊராகிய யாஸ்னயா பொல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்கு 1859இல் பள்ளி நடத்தத் தொடங்கினார். ஒருநாள் ருஷ்யப் பழமொழி ஒன்றைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தயங்கவே, தாமே எழுத உட்கார்ந்தார். பியெத்கா, சியோம்கா என்னும் இரு சிறுவர்கள் அவர் தோளருகே நின்று குறுக்கிடத் தொடங்கினர். கதையில் ஒருவன் அவசரமாக வெளியே வருகிறான். அவன் பெண்பிள்ளையின் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான் என்று எழுதுங்கள் என்றான் பியெத்கா. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை, அப்படித்தான் என்றான். அந்த ஒரு சட்டையில் அம்மனிதன் முழுதும் தெரிவதைக் கண்டு டால்ஸ்டாய் வியந்தார். மாலை ஏழு மணி முதல் பதினொன்று வரை பிள்ளைகள் பசியும் உறக்கமும் அறியாமல் நின்றனர். அதன்பின் 1862இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்தை எவர் எவரிடம் கற்பது, குடியானவப் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்பதே அதன் தலைப்பு.

இக்கதையின் பிற்பகுதியைப் பலர் கூறுவதில்லை. நமக்கு அதுவே முக்கியம். எழுதிய அத்தாள்களை வேறு பிள்ளைகள் காகித வெடி செய்து பாழாக்கிவிட்டனர். டால்ஸ்டாய் மனமுடைந்து போனார். பியெத்காவும் சியோம்காவும் அவர் வீட்டுக்கு வந்து, இரவு தங்கி, நினைவிலிருந்து அக்கதையைத் திரும்ப எழுதி முடித்தனர். பிள்ளைகளுக்கு விடாமுயற்சி இல்லை என்று நம் பெரியோர் குறைப்படுவதை நாள்தோறும் கேட்கிறோம். தன்னுடையதல்லாத பேனாக் கதை தொலைந்தால் எந்தப் பிள்ளை இரவு விழித்து அதைத் திரும்ப எழுதும்? தன் பொருள் என்றிருந்தால் உறுதி தானே வரும். வெளியிலிருந்து அதை ஊட்ட வேண்டியதில்லை.

மனனம் செய்வதே குற்றம் என்று நாம் சொன்னதாக எவரும் கொள்ளவேண்டா. நிகண்டும் சதகமும் நெட்டுருப்பண்ணி வளர்ந்தவரே உ.வே. சாமிநாதையர். ஆயினும் முதுமையில் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோது, அவர் தம் வீட்டு வறுமையையும் தம் ஆசிரியரின் குணங்களையும் கண்டது கண்டபடியே எழுதினார். தமிழில் தன்கதைக்கு அதைவிடப் பெரிய மாதிரி வேண்டுமா? மலேயாவிலேயே வழி காட்டியவர்கள் இல்லையா? 1950, 1951ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த இளைஞர்கள் எழுதியனுப்ப, அவர்கள் குறை நிறை காட்டினர். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கே பக்கம் ஒதுக்கினார். பிள்ளை எழுதினால் அதைப் படிக்க ஓர் ஆள் உண்டு என்ற நம்பிக்கையை அவை கொடுத்தன. பரீட்சைத் தாளுக்கு மதிப்பெண் போடுகிறவர் உண்டு, வாசகர் இல்லை.

உபாத்தியாயர் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகளுள் பல ஒரு கொட்டகையும் ஓர் உபாத்தியாயருமே. அந்நிலையில் மாதிரிக் கட்டுரை ஓர் ஊன்றுகோலாயிற்று. பின்னர் 1988இல் யு.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் வகுப்புப் பரீட்சை வந்தது. எத்தனை ‘ஏ’ என்பதிலேயே பள்ளியின் மானமும் பெற்றோரின் மானமும் அடங்கிவிட்டன. ஊன்றுகோல் காலாகவே ஆகிவிட்டது. ஆனால் அப்பரீட்சையை அரசாங்கம் 2021இல் நீக்கிவிட்டது. பரீட்சைக்காகத்தான் மனனம் என்றவர்கள் இன்று என்ன சமாதானம் சொல்வார்கள்? பரீட்சை போயிற்று, பேனா மட்டும் குப்பைத் தொட்டியில் கிடந்து இன்னும் அழுதுகொண்டிருக்கிறது.

காரணம் வேறு என்றே நாம் ஐயுறுகின்றோம். கமுந்திங் என்றதும் மலேசியாவில் மற்ற ஊரார்க்கு நினைவு வருவது ஈயமுமன்று, ரப்பருமன்று. அங்கிருந்த தடுப்புக்காவல் முகாமே. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பெறும் வரையில், விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டவர் பலர் அங்கேயே வைக்கப்பட்டனர். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் வழக்கறிஞர்களும் அங்கு அடைபட்டனர். அவர்களுள் மனோகரன் என்பார் அடைபட்ட நிலையிலேயே 2008 மார்ச்சுத் தேர்தலில் நின்று சட்டமன்ற இடம் ஒன்றை வென்றார். வாய்திறந்தால் வம்பு என்னும் அச்சம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சொத்துப்போல் இறங்குகிறது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே, அப்பா வேலையைப் பற்றிப் பேசாதே, பெரியவர்களைக் கேள்வி கேட்காதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பேனா ஒரு நல்ல முகமூடி. பேனா எதைச் சொன்னாலும் எவருக்கும் தீங்கில்லை. அச்சிறுமியின் வாக்கியத்தை அடித்த கையும் கொடிய கையன்று என்றே நம்புகிறோம். வீட்டின் வறுமை தாளில் தெரிந்துவிடுமே என்று கூசியிருக்கலாம். அக்கூச்சம் பிள்ளைக்கு இல்லை; நமக்குத்தான் இருக்கிறது.

முடிவில் அன்பர் நம் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். தாள்களைத் திருப்பி அனுப்புமுன், குட்டையைப் பற்றி எழுதிய சிறுவனுக்கு ஒரு நீண்ட கயிற்றில் கல்லைக் கட்டி, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆழம் பார்த்து எழுதுமாறு குறிப்பு வைத்தோம். சிறுமியின் தாளில், அடிபட்ட வாக்கியத்தின் கீழ்ப் புள்ளியிட்டு, ‘இது இருக்கட்டும்’ என்று எழுதினோம். அதன்கீழே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறோம்: அம்மா கை எந்த நாளில் எந்த மணம் வீசும், அந்த மணம் எதனால் வருகிறது என்று அம்மாவையே கேட்டு எழுதுவாயா?