தூண்கள் வழிவிட்ட மண்டபம்

இஸ்தான்புல்லில் சுலைமானியே பள்ளிவாசலைப் பார்த்தவர்கள், ஒட்டோமான் கட்டடக்கலையின் உச்சத்தைக் கண்டுவிட்டோம் என்றே ஊர் திரும்புகிறார்கள். அதைக் கட்டிய சினானே இதை ஒப்பமாட்டார். தம் கைவண்ணத்தின் முதிர்ச்சி என்று அவர் கருதியது எதிர்னே நகரத்து செலிமியே பள்ளிவாசலை. சுல்தான் இரண்டாம் செலிமுக்காகத் தொடங்கிய அந்தப் பணி 1575-இல் நிறைவுற்றபோது சினானுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கட்டச் சொன்ன சுல்தான் சில மாதங்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

செலிமியே என்றதும் எல்லோரும் குவிமாடத்தின் அகலத்தைத்தான் பேசுவார்கள்: 31 மீட்டருக்குச் சற்று மேல். இஸ்தான்புல்லின் பழைய ஹாகியா சோபியாவை மிஞ்சிவிட்டதாகச் சினான் தம் நினைவுக்குறிப்பில் மார்தட்டவும் செய்தார். உண்மையில் இரண்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான்; தரையிலிருந்து அளந்தால் ஹாகியா சோபியாவே உயரம். சினானின் வெற்றி அளவில் இல்லை, தூண்களை அவர் ஒதுக்கிய விதத்தில் இருக்கிறது.

தொழுகையில் சஃப் எனும் வரிசை தோளோடு தோளாக நீள வேண்டும். நடுவே தூண் வந்தால் வரிசை முறியும். ஆனால் பெரிய குவிமாடத்துக்குப் பெரிய தூண் வேண்டுமே! 1548-இல் சினான் முடித்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலில் நான்கு பருத்த தூண்கள் மண்டபத்துக்குள்ளேயே நிற்கின்றன. சுலைமானியேயிலும் நான்குதான், அவற்றுக்கு அப்பால் பக்கப் பகுதிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. செலிமியேயில் சினான் பாரத்தை எட்டாகப் பகிர்ந்தார். எட்டுத் தூண்களையும் சுவரை ஒட்டித் தள்ளினார். மூலைகளில் அரைக்குவிமாடங்களும் வெளிப்புறத் தாங்குசுவர்களும் மிச்ச அழுத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. உள்ளே கால் வைத்ததும் மண்டபம் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படுகிறது. சுமை தூண்களுக்குப் போய்விட்டதால் சுவர்களில் ஜன்னல்களை அடுக்கடுக்காகத் திறக்க முடிந்தது. இங்கே கொட்டும் வெளிச்சமும் அந்தக் கணக்கின் பலன்தான்.

வெளியிலும் அதே ஒருமை. சுலைமானியேயின் மினாராக்கள் முற்றத்தின் மூலைகளில் நிற்கும். இங்கே சுமார் 70 மீட்டர் உயரமுள்ள நான்கும் தொழுகை மண்டபத்தின் மூலைகளிலேயே எழுந்து குவிமாடத்தைக் காவல் காக்கின்றன. அவற்றில் இரண்டுக்குள் ஒன்றையொன்று சந்திக்காத மூன்று படிக்கட்டுகள் சுழன்று மூன்று மாடங்களுக்கு ஏறுகின்றன. ஒல்லியான அந்த உடலுக்குள் மூன்று வழிகள்!

அலங்காரத்தில் சினான் கைச்சிக்கனம் காட்டினார். இஸ்னிக் ஓடுகளின் சிவப்பும் நீலமும் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபைச் சுற்றியும் சுல்தானின் தொழுமிடத்திலும்தான் செறிந்திருக்கின்றன. எனக்கு உறுத்துவது ஒன்றே: குவிமாடத்துக்கு நேர் கீழே, குட்டையான பளிங்குத் தூண்கள்மேல் நிற்கும் மோதினார் மேடை. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த நடுவிடத்தை அவரே ஏன் அடைத்தார்? மையத்தை நிறுத்திக் காட்ட ஒரு புள்ளி வேண்டும் என்பார்கள் சிலர். மிஹ்ராபை மறைக்கிறதே என்பது என் வாதம்.

எதிர்னேக்குப் போகிறவர்கள் முதலில் உச் ஷெரெஃபெலி பள்ளிவாசலுக்குப் போவது நல்லது. அது செலிமியேக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. 24 மீட்டர் குவிமாடம், மூன்று படிக்கட்டு மினாரா எல்லாம் அங்கேயே உண்டு. ஆனால் இரண்டு பெருந்தூண்கள் மண்டபத்தை மறித்து நிற்கும். அங்கிருந்து சிறிது தூரம் நடந்து செலிமியேக்குள் நுழைந்தால், சினான் எதைக் கற்றுக்கொண்டார், எதை விலக்கினார் என்பது விளக்கமில்லாமலே புரியும்.